மூக்கின் மேல் ஒரு சரித்திரம்

என் தமக்கைக்குப் பதின்மூன்று வயது ஆகும் வரையில், மயிலாப்பூர்க் கோபுரத்தில் பொம்மைகள் இருக்கின்றன என்ற விஷயம் தெரியாது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவள் பிறந்ததும் வளர்ந்ததும் கபாலீசுவரர் கோயிலுக்கு நாலு தெரு தள்ளித்தான். தினம் மாலையில் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறவள். ஆனால் கோபுரம் என்றால் அவளுக்கு உயரமாக, மேலே போகப் போகக் குறுகலாக, பல வர்ணங்களைக் குழைத்துப் பூசிய ஒரு சுவர்; அவ்வளவுதான். ஊரில் உள்ள எல்லோருக்கும் கோபுரம் அப்படித்தான் தெரிகிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். குறை என்று ஒன்று இருப்பது தெரிந்தால் அல்லவா அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ள முடியும்?

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மந்தம் என்று பெயர். கரும்பலகையில் 3 என்று எழுதினால் இவள் நோட்டில் 8 ஆகிவிடும். கணக்கு டீச்சர் அவளைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தினார். பெஞ்சின் மேல் ஏறினால் பலகை கிட்ட வந்துவிடுமா, என்ன? ஆனால் வீட்டில் அவளைப் போல் நெருக்கமாகப் பூத் தொடுக்கவோ, விளக்கு வைத்த பிறகு ஊசியில் நூல் கோக்கவோ யாரும் கிடையாது. இந்த இரண்டையும் சேர்த்து யோசித்துப் பார்க்க எங்கள் அப்பாவுக்குப் பல வருஷங்கள் ஆயின. 1961-ஆம் வருஷம் ஒரு நாள், அவளை எழும்பூர்க் கண்ணாஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார். பத்து நாளில் கண்ணாடி வந்தது. அதை மாட்டிக்கொண்டு சந்நிதித் தெருவில் திரும்பியவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"அப்பா, மேலே யார் யாரோ நிக்கறாளே!" என்றாள்.

அப்பா பதில் சொல்லவில்லை. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அப்போது சின்னப் பையன். அவருக்கு வியர்க்கிறது என்று எண்ணினேன்.

அந்தக் கண்ணாடி எவ்வளவு தூரம் பிரயாணம் செய்து, எத்தனை காலம் கழித்து, எங்கள் அக்காவின் மூக்கில் வந்து உட்கார்ந்தது என்று சமீபத்தில் விசாரிக்கத் தொடங்கினேன். விசாரித்ததில் சில விசித்திரமான சமாசாரங்கள் அகப்பட்டன.

மூக்குக் கண்ணாடி பிறந்த இடம் இத்தாலி தேசம். காலம் ஏறக்குறைய 1286. 1306-இல் பிளாரென்ஸ் நகரத்தில் பிரசங்கம் செய்த ஒரு பாதிரியார், இந்த அருமையான வித்தை கண்டுபிடிக்கப்பட்டு இருபது வருஷம்கூட ஆகவில்லை என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பக்கமும் புடைத்த வட்டக் கண்ணாடி. அதன் வடிவத்தைப் பார்த்து 'லென்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். லத்தீன் பாஷையில் லென்ஸ் என்பது வேறொன்றும் இல்லை. நம் வீட்டுச் சமையலறையில் டப்பாவில் இருக்கும் மைசூர்ப் பருப்புத்தான்!

இந்தப் பருப்புக் கண்ணாடி யாருக்கு உபயோகம்? நாற்பது வயது தாண்டியவர்களுக்கு. நம்முடைய கண்ணுக்குள்ளேயே ஒரு லென்ஸ் இருக்கிறது. கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும்போது அது தன்னைச் சற்றுப் புடைத்துக்கொள்ளும். வயது ஏற ஏற அது விறைத்துப் போய், "என்னால் இனிமேல் வளைய முடியாது" என்று சொல்லிவிடுகிறது. உடனே நாம் பத்திரிகையைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிக்கிறோம். கை போதாமல் போகும்போது கண்ணாடி போடுகிறோம். இதைத்தான் வெள்ளெழுத்து என்றும், சாளேசரம் என்றும் சொல்கிறோம். சாளேசரம் என்றதும் ஏதோ ஈசுவரன் கோயில் கொண்ட ஊர் என்று தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை. இந்துஸ்தானியில் 'சாலீஸ்' என்றால் நாற்பது. நாற்பதில் வருவதால் அந்தப் பெயர்.

ஆக, முதல் கண்ணாடி படித்த பெரியவர்களுக்குக் கிடைத்தது. எங்கள் அக்கா மாதிரி, கிட்டத்தில் எல்லாம் தெரிந்து தூரத்தில் ஒன்றும் தெரியாதவர்களுக்குப் புடைத்த கண்ணாடி உதவாது. நடுவே குழிந்த கண்ணாடி வேண்டும். அதைத் தேய்த்துச் செய்ய இன்னும் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1462-இல் மிலான் நகரத்துப் பிரபு பிளாரென்ஸுக்கு மூன்று டஜன் கண்ணாடிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். வயதானவர்கள் கிட்டத்தில் பார்ப்பதற்கு, வாலிபர்கள் தூரத்தில் பார்ப்பதற்கு என்று அதில் பிரித்துச் சொல்லியிருக்கிறார். 1518 வாக்கில் ரபேல் என்ற மகா சித்திரக்காரர் போப் பத்தாம் லியோவை வரைந்த படம் பிளாரென்ஸ் சித்திரசாலையில் இருக்கிறது. போப்பின் கையில் ஒரு கண்ணாடி. அவருக்குக் கிட்டப்பார்வை, வேட்டைக்குப் போனால்கூடக் கண்ணாடி இல்லாமல் முடியாதாம்.

ஏறக்குறைய அதே சமயத்தில் நம் பக்கத்திலும் ஒரு மகான் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தார் என்றால் ஆச்சரியமாக இல்லையா? அவர்தான் விஜயநகரத்தில் கிருஷ்ணதேவராயர் போற்றிய வியாசராயர். மயிலாப்பூர் சபாக்களுக்குப் போகிறவர்கள் அவரைத் தெரியாது என்று சொல்ல முடியாது. யமுனா கல்யாணி ராகத்தில், கண்ணனைச் சீக்கிரம் வரச்சொல்லிக் கொஞ்சும் அந்தக் கன்னடப் பாட்டு அவருடையதுதான். அவர் காலத்திலேயே சோமநாதர் என்ற கவி சம்ஸ்கிருதத்தில் அவருடைய சரித்திரத்தை எழுதினார். அதில் வியாசராயர் கண்ணாடியின் உதவியால் சுவடி படிக்கும் காட்சி வருகிறது. பி. கே. கோடே என்ற ஆராய்ச்சியாளர் 1947-இல் இதை எடுத்துக் காட்டி, போர்த்துக்கீசியர் வழியாகத்தான் கண்ணாடி வந்திருக்க வேண்டும் என்றார். அவர்கள் 1510-இல் கோவாவைப் பிடித்தவர்கள். விஜயநகரத்தோடு குதிரை வியாபாரம் செய்தவர்கள்.

இந்த இடத்தில் கதை எழுதுகிற பேர்வழிக்குக் கை துறுதுறுக்கிறது. அதே போர்த்துக்கீசியர்கள்தான் 1520-களில் நம் சாந்தோமிலும் வந்து குடியேறினார்கள். ஒரு கப்பல், ஒரு பாதிரி, ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு மூக்குக் கண்ணாடி என்று ஜோடித்து, மயிலைக் கடற்கரையில் அதை இறக்கிவிட எனக்கு அரை நாழிகை போதும். ஆனால் சரித்திரம் அதற்கு இடம் கொடுக்கவில்லை, ஆகவே விட்டுவிடுகிறேன்.

சரித்திரம் இடம் கொடுக்கிற ஊர் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குப் போகும் வழியில் ஏழு மைல் தூரத்தில் உள்ள வல்லம். அங்கே மண்ணில் பளிங்குக் கற்கள் கிடைத்தன. அவற்றை அறுத்து, தேய்த்து, மெருகேற்றிக் கண்ணாடி செய்யும் கைத்தொழில் அந்தப் பக்கத்தில் வெகு காலம் நடந்தது. வெள்ளைக்காரர்கள்கூட அதைத் தேடி வாங்கினார்கள். பளிங்கு, கண்ணாடியைக் காட்டிலும் கெட்டியானது. சுலபத்தில் கீறல் விழாது. தொட்டால் சில்லென்று இருக்கும். அதனால் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று ஒரு நம்பிக்கை. எங்கள் தாத்தா வைத்திருந்த பெப்பிள் கண்ணாடியைக் குழந்தைகள் கன்னத்தில் வைத்துப் பார்ப்போம், சில்லிப்பு வாஸ்தவந்தான். கண்ணுக்குள் அந்தச் சில்லிப்பு போகுமா என்பது வேறு விஷயம்.

இப்படி ஐந்நூறு வருஷங்களாக நம் ஊரில் கண்ணாடி இருந்தும், எங்கள் அக்கா மாதிரிக் குழந்தைகளுக்கு அது ஏன் கிடைக்கவில்லை? கண்ணாடி வந்தது, அளவு வரவில்லை. காரணம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. வயதைச் சொன்னால் அதற்கேற்ற கண்ணாடியை எடுத்துக் கொடுப்பது என்பதுதான் வெகு காலம் வரைக்கும் உலகம் முழுவதும் இருந்த வழக்கம். எங்கள் தாத்தா காலத்தில்கூட, நடைபாதையில் பரப்பி வைத்திருக்கும் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, கிழிந்த பத்திரிகைத் துண்டைப் படித்துப் பார்த்து, பேரம் பேசி வாங்குவார்கள். வெள்ளெழுத்துக்கு இது ஒருவாறு போதும். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அது எப்படிப் போதும்? எந்தக் கண்ணாடியைக் கேட்பது என்பது இருக்கட்டும். கேட்க வேண்டும் என்றே அவளுக்குத் தெரியாதே!

கண்ணாடி ஏன் பயன்படுகிறது என்பதே முதல் முந்நூறு வருஷம் யாருக்கும் தெரியாது. 1604-இல் கெப்ளர் அதைச் சொன்னார். கிரகங்களின் பாதையைக் கண்டுபிடித்த அதே கெப்ளர்தான். அவருக்கும் கிட்டப்பார்வை. கண்ணுக்குள் வரும் ஒளி, பின்புறத்துத் திரையில் தலைகீழான ஒரு படமாக விழுகிறது என்று அவர் விளக்கினார். தூரத்துப் பொருளிலிருந்து வரும் கிரணங்கள் சரியாகத் திரையில் கூடினால் படம் தெளிவாக இருக்கும். கண் சற்று நீளமாகிவிட்டால், கிரணங்கள் திரைக்கு முன்னாலேயே கூடிக் கலைந்துபோகும். வளர்ந்த மனிதனின் கண் முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 24 மில்லிமீட்டர். எங்கள் அக்காவின் கண் அதைவிட நீண்டிருந்தது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர், அதாவது ஒரு கடுகளவு. அந்தக் கடுகளவில் ஒரு கோபுரம் மறைந்துபோயிற்று! குழிந்த கண்ணாடி, உள்ளே நுழையும் முன்பே கிரணங்களைக் கொஞ்சம் விரித்துவிடுகிறது. ஆகவே அவை இன்னும் சற்றுப் பின்னால், திரையில் வந்து கூடுகின்றன. கண் குட்டையாக இருந்தால் நேர்மாறு. அப்போது புடைத்த கண்ணாடி.

இன்னொரு கோளாறும் உண்டு. கண்ணின் முன்பக்கம் கோலிக்குண்டு மாதிரி ஒரே உருண்டையாக இல்லாமல், கரண்டியின் முதுகு மாதிரி ஒரு வாட்டத்தில் அதிகமாகவும் ஒரு வாட்டத்தில் குறைவாகவும் வளைந்திருப்பது. டாக்டர் சீட்டில் 'சிலிண்டர்' என்று எழுதுவது இதற்குத்தான். 1801-இல் தாமஸ் யங் இதைத் தம் கண்ணிலேயே கண்டார். அதற்குக் கண்ணாடி செய்தவர் ஜார்ஜ் ஏரி என்ற வான சாஸ்திரி. அவருடைய இடக்கண்ணுக்கு நட்சத்திரம் புள்ளியாகத் தெரியாமல் கோடாகத் தெரிந்தது. கணக்குப் போட்டு, ஒரு பக்கம் குழாயைச் சீவினாற்போல் தேய்த்த கண்ணாடியை 1825 வாக்கில் செய்வித்துப் போட்டுக்கொண்டார்.

வான சாஸ்திரிகள் என்றதும் நம் நுங்கம்பாக்கம் ஞாபகம் வருகிறது. அங்கே காலேஜ் ரோட்டுப் பக்கத்தில் 1792-இல் கம்பெனியார் ஒரு வானிலைக்கூடம் கட்டினார்கள். டெலஸ்கோப்புக்காக நாட்டிய கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். கோடானுகோடி மைலுக்கு அப்பால் உள்ள நட்சத்திரத்தைப் பார்க்கச் சென்னைப் பட்டணத்தில் அப்போதே லென்ஸ் வந்துவிட்டது. பத்தடி தூரத்துப் பலகையைப் பார்ப்பதற்குத்தான் தாமதம்.

நம் ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1819-ஆம் வருஷம் மயிலாப்பூரை அடுத்த ராயப்பேட்டையில் 'மதராஸ் கண் ஆஸ்பத்திரி' ஆரம்பமாயிற்று. லண்டன் மூர்பீல்ட்ஸ் ஆஸ்பத்திரி 1805-இல் தோன்றியது. கண்ணுக்கென்றே ஏற்பட்ட ஆஸ்பத்திரிகளில் அதற்கு அடுத்த பழமை நம்முடையதற்கு என்று சொல்கிறார்கள். ரிச்சர்ட்ஸன் என்ற டாக்டர் அதைத் தொடங்கினார். ஆனால் அப்போது கண்ணாடி கொடுப்பது ஆஸ்பத்திரியின் வேலை அல்ல; கடைக்காரன் வேலை. கண்ணுக்குள் எட்டிப் பார்க்கும் கருவியை ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்டுபிடித்ததே 1851-இல்தான். ஹாலந்து தேசத்து ஸ்நெல்லன், எழுத்துக்கள் வரவரச் சிறுத்துக்கொண்டே போகும் அட்டையை 1862-இல் அச்சிட்டார். அவருடைய குருவான டாண்டர்ஸ், எந்தக் குறைக்கு எந்தக் கண்ணாடி என்று 1864-இல் பெரிய புஸ்தகமே எழுதினார். 1872-இல் மானயர் என்ற பிரெஞ்சுக்காரர் 'டயாப்டர்' என்ற அளவைக் கொடுத்தார்.

இந்த டயாப்டர் கணக்கு மிகவும் சுலபம். கிட்டப்பார்வை உள்ளவர்கள் இப்போதே போட்டுப் பார்க்கலாம். உங்கள் நம்பரால் 100-ஐ வகுத்தால், கண்ணாடி இல்லாமல் எத்தனை சென்டிமீட்டர் வரையில் உங்களுக்குத் தெளிவாகத் தெரியும் என்பது வரும். எங்கள் அக்காவுக்கு மைனஸ் 4. ஆகவே 25 சென்டிமீட்டர். ஒரு சாண் சொச்சம். பூத் தொடுக்க அது போதும். உலகத்துக்குப் போதாது.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரி 1884-இல் எழும்பூர் மார்ஷல் ரோட்டுக்குப் போயிற்று. அங்கே தலைவராக இருந்தவர்களில் பெயர் பெற்றவர் கர்னல் ராபர்ட் ஹென்றி எலியட். (பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை, அவர் மாஜிஸ்திரேட் எலியட்.) கண்ணில் நீர் அழுத்தம் ஏறிப் பார்வை போகும் நோய்க்கு 1909-இல் இங்கே இவர் வகுத்த ஆபரேஷன் உலகப் பிரசித்தம். கண்புரையை ஊசியால் குத்தி உள்ளே தள்ளிவிட்டுப் போகும் ஊர்சுற்றி வைத்தியர்கள் விளைவித்த அனர்த்தங்களை ஆராய்ந்து 1917-இல் ஒரு நூல் எழுதினார். சீமைக்குத் திரும்பிய பிறகு அவர் எதில் இறங்கினார் என்று நினைக்கிறீர்கள்? கயிற்றை ஆகாசத்தில் எறிந்து பையனை ஏற்றுகிறார்களே, அந்த இந்திரஜாலம் வெறும் கட்டுக்கதை என்று நிரூபிப்பதில்! 1934-இல் அதற்கும் ஒரு புஸ்தகம். கண்ணை நம்பாதே என்று கண் டாக்டரே சொல்லிவிட்டார்.

அந்த எழும்பூர் ஆஸ்பத்திரிக்குத்தான் அக்காவை அப்பா அழைத்துப் போனார். நானும் தொற்றிக்கொண்டு போனேன். கண்ணில் மருந்து விட்டு வெகு நேரம் உட்கார வைத்தார்கள். இருட்டறையில் டாக்டர் ஒரு சிறு கண்ணாடியால் அவள் கண்ணுக்குள் வெளிச்சத்தை அடித்து, நிழல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தார். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்டாற்போல் ஒரு கனத்த இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டி, அதில் வட்ட வட்டமான வில்லைகளைச் செருகி, "இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரியுதா, அம்மா?" என்று கேட்டார். எதிரே தமிழ் எழுத்து அட்டை. மேலே இருப்பது நல்ல கண்ணுக்கு 60 மீட்டருக்கு அப்பாலிருந்தே தெரிய வேண்டிய எழுத்து. அக்காவுக்கு ஆறு மீட்டரில் அதுகூடத் தெரியவில்லை. வில்லைகள் மாற மாற ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினாள். கடைசி வரியைப் படித்துவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து அவர் முகத்தைத் தெளிவாகப் பார்த்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

வீட்டில் அத்தை மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள். "பொண்ணுக்குக் கண்ணாடியைப் போட்டுட்டு வந்திருக்கியே, அண்ணா! எவன் பண்ணிப்பான்?" என்று கேட்டாள். அத்தையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. போப் போட்டுக்கொண்டால் படத்தில் எழுதினார்கள். மடாதிபதி போட்டுக்கொண்டால் காவியத்தில் எழுதினார்கள். பெண் போட்டுக்கொண்டால் ஜாதகத்தோடு சேர்த்து ஒளித்து வைத்தார்கள். கண்ணாடி போட்டதால்தான் நம்பர் ஏறுகிறது என்று வேறு ஒரு வதந்தி. நம்பர் ஏறுவது குழந்தை வளர்வதால்; கண்ணும் கூடவே நீள்கிறது. கண்ணாடியைக் கழற்றி வைத்தால் கண் வளராமல் நிற்காது. கண்ணாடி இல்லாமலே கண் சரியாகும் என்று 1920-இல் பேட்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் புஸ்தகம் எழுத, ஆல்டஸ் ஹக்ஸ்லி போன்ற மேதாவியே அதை நம்பி 1942-இல் இன்னொரு புஸ்தகம் எழுதினார். எங்கள் உறவினர் ஒருவர் அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் கண்ணாடி இல்லாமல் திரிந்தார். எட்டாம் நாள் பாண்டி பஜாரில் யாரோ ஒருவருடைய மனைவியைத் தம் மனைவி என்று எண்ணி, "பையைக் குடு, நான் தூக்கிண்டு வரேன்" என்றார். ஒன்பதாம் நாள் கண்ணாடி மூக்குக்குத் திரும்பிவிட்டது.

1968-இல் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாம்பலத்துப் பையன். அத்தையின் உத்தரவுப்படி கண்ணாடி அலமாரிக்குள் போயிற்று. அக்கா காப்பித் தட்டோடு வந்து, வெள்ளையாகத் தெரிந்த உருவங்களுக்கு எல்லாம் உத்தேசமாக நமஸ்காரம் செய்தாள். "பையனைப் பாத்தியோ? பிடிச்சிருக்கா?" என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினாள். கல்யாணம் நடந்தது. நாலாம் நாள் அலமாரிச் சங்கதியை அவள் பயந்து பயந்து அத்திம்பேரிடம் சொன்னபோது, அவர் ஒன்றும் பேசாமல் சட்டைப் பையிலிருந்து கூடு ஒன்றை எடுத்தார். மைனஸ் 6! பெண் பார்க்கக் கிளம்பும்போது அவருடைய தாயார் வாங்கித் தம் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாராம். ஆக, இரண்டு குடும்பமும் கூடி நடத்திய அந்தப் பெண் பார்க்கும் வைபவத்தில், பார்க்க வேண்டிய இரண்டு பேர் மட்டும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவர்களுடைய குழந்தைகள் மூன்று பேருக்கும் கண்ணாடி. அது குடும்பச் சொத்து மாதிரி இறங்கும் என்பது டாக்டர்களுக்குத் தெரிந்ததே. ஆனால் அந்தக் குழந்தைகள் யாரும் பெஞ்சின் மேல் ஏறி நிற்கவில்லை. 2009-இல் 'கண்ணொளி காப்போம்' என்ற பெயரில் பள்ளிக்கூடங்களிலேயே கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி கொடுக்கும் திட்டத்தை அரசாங்கம் தொடங்கியபோது, அக்கா பத்திரிகைச் செய்தியை வெட்டி எடுத்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

2016-இல் அவளுக்குக் கண்புரை. எங்கள் பாட்டி காலத்தில் புரையை எடுத்தால் கண்ணுக்குள் இருந்த லென்ஸும் போய்விடும். அதற்கு ஈடாகப் பிளஸ் 10 கண்ணாடி, சோடாப் புட்டியின் அடிப்பாகம் மாதிரி, வாழ்நாள் முழுவதும் சுமக்க வேண்டும். உலகம் கால்பங்கு பெரிதாகத் தெரியும். படி இருக்கும் இடம் தெரியாமல் பாட்டி தடுமாறுவாள். இரண்டாவது மகா யுத்தத்தில் விமானம் ஓட்டியவர்களின் கண்ணில் பாய்ந்த பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் உறுத்தாமல் கிடந்ததைப் பார்த்து, ஹரால்ட் ரிட்லி என்ற ஆங்கிலேய டாக்டர் 1949-இல் அதே பொருளால் லென்ஸ் செய்து கண்ணுக்குள்ளேயே வைத்தார். வெகு நாள் அது நம்மவர்களுக்கு எட்டாத விலையில் இருந்தது. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் ஆஸ்பத்திரிக்காரர்கள், 1992-இல் அந்த லென்ஸை இங்கேயே செய்யத் தொடங்கியபின் விலை இறங்கியது. இத்தாலிக்காரன் மூக்கின் மேல் வைத்ததை இப்போது கண்ணுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள், அளவெடுத்து.

இப்போது அக்கா இருப்பது அடையாற்றில். தூரத்துக்குக் கண்ணாடி வேண்டாம், படிக்கத்தான் வேண்டும். எழுபது வருஷப் பழக்கம் தலைகீழாகிவிட்டது. ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுகிறாள். சென்ற பங்குனியில் அறுபத்து மூவர் உற்சவத்துக்கு அவளை நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். வெற்றுக் கண்ணோடு தெற்கு மாடவீதி மூலையில் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே, மூக்கின் மேல் இல்லாத கண்ணாடியை ஆள்காட்டி விரலால் மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள்.